கைவினைக்கு மாலை, கைக்குப் பூட்டு

ஜப்பான் போய்வந்தோம் என்றதும் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி, புராக்கு மக்களைச் சந்தித்தீர்களா என்பதுதான். சந்தித்தோம். அதற்காகத்தான் போனோம். ஒசாகாவில் நான்கு நாள் நடந்த பேச்சுகளைப் பற்றித் தனியே எழுதுவோம். இங்கே எழுதப்போவது, நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்த ஒரு குயவர் வீட்டைப் பற்றி.

எங்களுக்கு மொழிபெயர்த்த தோழிதான் காரணம். தோல் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொந்த ஊரின் பெயரை எழுத இன்றும் கை தயங்கும் என்றார். அது வீண் பயம் அல்ல. புராக்கு ஊர்களின் பெயர்களைத் தொகுத்து நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்ற பட்டியல் 1975இல் அம்பலமானது. வேலைக்கு வருபவர் எந்த ஊர் என்று அதில் பார்த்துக் கழித்துக்கட்டினார்கள். நம்மூரில் “எந்தத் தெரு?” என்று கேட்பார்களே, அதேதான், அச்சடித்து விற்றார்கள். “ஊர்ப் பெயரால் எங்களை அடையாளம் கண்டார்கள். குடும்பப் பெயரால் அடையாளம் கண்ட ஓர் ஊர் தெற்கே இருக்கிறது, வருகிறீர்களா?” என்று தோழி கேட்டார். நாங்கள் இரண்டு பேர், அவர் ஒருவர், மூன்று பேராகக் கிளம்பினோம்.

ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் நான்கு மணி நேரம் போனால் ககோஷிமா. அங்கிருந்து சின்ன ரயிலில் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் பேருந்து. ஊரின் இன்றைய பெயர் மியாமா. பழைய பெயர் நாஎஷிரோகாவா. மூங்கில் வேலி போட்ட ஒரு நீளத் தெரு, இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளிச் சூளை வைத்த வீடுகள். சுற்றுலாத் துறையின் துண்டறிக்கையில் ‘நானூறு ஆண்டுப் பாரம்பரியம்’ என்று போட்டிருந்தது. அந்த நானூறு ஆண்டு எப்படித் தொடங்கியது என்பதை அதே அறிக்கை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. நாம் தாண்ட வேண்டாம்.

1592இலும் 1597இலும் டொயொட்டோமி ஹிதேயோஷி கொரியாவின் மீது படையெடுத்தான். படையோடு போன பிரபுக்கள் திரும்பும்போது குயவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தேநீர்ச் சடங்கு ஜப்பானிய மேட்டுக்குடியைப் பித்துப்பிடிக்க வைத்திருந்த காலம் அது. கொரியக் கிண்ணம் ஒன்றுக்கு அவர்கள் தந்த மதிப்பு கோட்டைக்குத் தரும் மதிப்பு. கிண்ணத்தை விலைகொடுத்து வாங்குவதைவிட, செய்கிறவனையே தூக்கிவந்துவிட்டால் லாபம் அல்லவா? அந்தப் போருக்குக் ‘குயவர் போர்’ என்றே ஒரு பெயர் உண்டு. சாட்சுமா பகுதியின் பிரபு ஷிமாசு யோஷிஹிரோ 1598இல் கொண்டுவந்தவர்கள் சுமார் 80 பேர். பலர் நாம்வொன் நகரம் வீழ்ந்தபோது பிடிபட்டவர்கள். கடற்கரையில் இறங்கியவர்கள் சில ஆண்டுகள் தட்டழிந்து, பிறகு இந்த மேட்டில் குடியமர்த்தப்பட்டார்கள்.

அவர்கள் முதலில் செய்த கலங்களுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஹிபாகாரி’ என்று பெயர். ‘நெருப்பு மட்டும்’ என்று பொருள். மண்ணும் கொரியாவுடையது, மெருகும் கொரியாவுடையது, கையும் கொரியாவுடையது. எரித்த நெருப்பு மட்டுமே ஜப்பானுடையது. ஏதோ கவித்துவமான பெயர் என்று அருங்காட்சியகங்கள் இதை வியந்து எழுதுகின்றன. பிடித்துவரப்பட்டவனிடம் மண்ணைக்கூட அவன் ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

பிறகு உள்ளூரிலேயே வெள்ளை மண் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவரும் பிடித்துவரப்பட்டவர்களில் ஒருவரே; பாக் என்ற குடும்பப் பெயர் கொண்டவர். அன்றிலிருந்து இரண்டு வகைக் கலங்கள். ‘ஷிரோமோன்’ என்ற வெள்ளைக் கலம் பிரபுவின் வீட்டுக்கு மட்டும். ‘குரோமோன்’ என்ற கறுப்புக் கலம் ஊர்சனத்துக்கு. வெள்ளைச் சாமானைக் குடிமக்கள் புழங்கக் கூடாது. செய்தவர்களும் புழங்கக் கூடாது.

நாங்கள் போன வீடு அந்தத் தெருவின் கடைசியில் இருந்தது. பெரிய புகழ்பெற்ற சூளை அல்ல. முன்னால் ஒரு சின்ன விற்பனை அறை, பக்கவாட்டில் பட்டறை, பின்னால் வீடு, வீட்டுக்கும் பின்னால் மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் பழைய விறகுச் சூளை. ஏழெட்டு அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் அந்தச் சூளையின் வாயில் இப்போது பூனை படுத்திருக்கிறது. விறகு விலைக்கும், மூன்று நாள் தூங்காமல் எரிக்க ஆள் இல்லாததற்கும், எரிவாயுச் சூளைக்கு மாறிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் திருவிழாவையொட்டி, பழையதை எரிப்பார்களாம்.

குயவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பெயர் போட வேண்டாம் என்றார். பட்டறையில் மின்சக்கரமும் இருந்தது, காலால் உதைத்துச் சுற்றும் பழைய சக்கரமும் இருந்தது. பெரிய சாடிகளை அவர் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைக் கயிறாகத் திரித்து அடுக்கி, உள்ளே ஒரு கட்டையைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்குகிறார். எங்களோடு வந்த தோழருக்கு மானாமதுரைப் பக்கம். “இது எங்க ஊர்த் தட்டுதானே!” என்று எழுந்தே நின்றுவிட்டார். தட்டும் ஓசையைக் கேட்டே எந்த இடம் தடிமன் என்று சொல்லலாம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் மொழி தெரியாமலே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் மொழிபெயர்ப்புக்கு வேலை இருக்கவில்லை.

அதன் பிறகு தேநீர் வந்தது. அலமாரியில் வரிசையாகப் பளபளத்த வெள்ளைக் கிண்ணங்களில் அல்ல. அவர் சமையலறையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கறுப்புக் குவளைகளில். அவருக்கு ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று, எங்களுக்கு மூன்று. எல்லாம் ஒரே வகை, ஒன்றின் விளிம்பில் லேசாக உடைந்திருந்தது. அந்த உடைந்ததை அவர் எடுத்துக்கொண்டார்.

வாசிக்கிற உங்களில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனாலும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் வளர்ந்த ஊரின் டீக்கடையில் எங்கள் அப்பாக்களுக்கான குவளை கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். குடித்துவிட்டுத் தாங்களே கழுவிச் செருக வேண்டும். நம் வரலாற்றில் மண்கலம் ஒரு பாத்திரமாக மட்டும் இருந்ததே இல்லை. சண்டாளருக்கு உடைந்த கலத்தில்தான் உணவு என்று மனு சட்டமே எழுதிவைத்திருக்கிறது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதோர் எச்சிலைத் தரையில் துப்பாமல் இருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவுசெய்திருக்கிறார். உலோகப் பாத்திரத்தைத் துலக்கித் தீட்டுக் கழிக்கலாம், மண் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் உடைத்துப் போட வேண்டும் என்பது சாத்திரத்தின் ‘அறிவியல்’. இன்று ரயில் நிலையங்களில் மண்குவளைத் தேநீரைச் சூழலியல் என்றும் பாரம்பரியம் என்றும் கொண்டாடுகிறார்கள். ஒருமுறை குடித்ததும் உடைக்கும் அந்த வழக்கத்துக்குள் தீட்டும் ஒளிந்திருக்கிறது என்பதைக் கொண்டாடுவோர் சொல்வதில்லை. 2022 ஆகஸ்டில் ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயதுத் தலித் சிறுவன் இறந்துபோனான். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காக ஆசிரியர் அடித்த அடிதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள்.

ஆகவே ஒருவர் தன் வீட்டுக் குவளையில், தான் குடிக்கும் அதே குவளையில் தேநீர் தரும்போது, எங்களால் அதை வெறும் விருந்தோம்பலாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. கை கொஞ்சம் நடுங்கியது. அவருக்கு அது புரிந்திருக்காது. புரியவைக்க முயன்றபோது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

“எங்களையும் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மாலை போட்டு வைத்திருந்தார்கள்.”

அந்த மாலையின் கதை இதுதான். நாஎஷிரோகாவா மக்களை ஷிமாசு பிரபுக்கள் இழிவானவர்கள் என்று சொல்லவில்லை. மாறாக நிலம் கொடுத்தார்கள், கிராமத்துச் சாமுராய்க்குச் சமமான நிலையில் வைத்துப் பேணினார்கள். ஆனால் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. கொரிய உடைதான் உடுத்த வேண்டும். ஊருக்கு வெளியே பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. பிரபு தலைநகரத்துக்குப் போகும் வழியில் இந்த ஊரில் தங்கினால், கொரிய உடையில் நின்று கொரிய ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். பார்த்த ஞாபகம்கூட இல்லாத ஒரு நாட்டின் ஆட்டத்தை, பத்துத் தலைமுறை கழித்தும், ஆண்டைக்கு முன்னால் ஆட வேண்டும். இதற்குப் பெயர் பண்பாட்டைக் காப்பாற்றுவதாம்.

பறையை ஏன் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் அண்ணன்கள் கம்பைக் கீழே போட்ட கதை நினைவுக்கு வந்தது. பிறகு அதே பறையை நாமே விரும்பி மேடையில் எடுத்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டும் சரிதான். எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது, அடிக்காமலும் இருக்கலாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாஎஷிரோகாவாவைச் சேரியோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஜப்பானில் தீண்டாமை விழுந்தது தோல், இறைச்சி, பிணம் சார்ந்த வேலை செய்தோர் மீது. குயவர் மீது அல்ல. நம்மூரிலும் குயவர்கள் தலித்துகள் அல்லர். அய்யனார் கோயிலில் பூசை வைக்கும் வேளார்களை நமக்குத் தெரியும், அந்தக் கோயில்கள் சிலவற்றில் நமக்குள்ள இடமும் தெரியும். ஒடுக்கப்பட்டோர் எல்லாரும் ஒன்று என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது நமக்குப் பழகிய சோம்பேறித்தனம். நாங்கள் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறொன்று. இழிவுபடுத்தித்தான் ஒருவரைத் தொழிலோடு கட்டிப்போட வேண்டும் என்பதில்லை, புகழ்ந்தும் கட்டிப்போடலாம். இரண்டாவது கயிறு கண்ணுக்குத் தெரியாது.

மெய்ஜி ஆட்சி வந்தது. 1871இல் புராக்கு மக்களின் இழிபெயர்களை ஒழிக்கும் ஆணை வந்தது. பழைய பிரபுத்துவம் ஒழிந்தபோது நாஎஷிரோகாவா மக்களுக்கு அதுவரை இருந்த பாதுகாப்பும் போனது. சாமுராய்ப் பட்டியலில் இடமில்லை, சாதாரணக் குடிகளாகப் பதிவானார்கள். கொரியப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு விலக்க முடியாதபடி கட்டளையிடப்பட்ட பெயர், இப்போது பள்ளியில் பையன்கள் கல்லெறிய வசதியான பெயர். அதே காலத்தில்தான், 1873இல், இந்த ஊரின் சின் ஜூகான் சூளையில் செய்த வெள்ளைப் பூச்சாடிகள் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போய் ஐரோப்பாவை வாய்பிளக்க வைத்தன. சாட்சுமா என்ற சொல்லே ஐரோப்பாவில் ஒரு பாண்டத்தின் பெயரானது.

அந்தத் தெருவிலேயே ஒரு நினைவகம் இருக்கிறது. டோகோ ஷிகெனோரியின் நினைவகம். 1882இல் பாக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பாண்டம் வனைந்தவர் அல்ல. குயவர்களை வைத்து வேலை வாங்கி விற்றவர். பணம் சேர்ந்தது. 1886இல் டோகோ என்ற சாமுராய்க் குடும்பப் பெயரை விலைகொடுத்து வாங்கினார். பையனுக்கு அப்போது மூன்று நான்கு வயது. அந்தப் பையன் படித்து, தூதராகி, 1941இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோதும் 1945இல் ஜப்பான் சரணடைந்தபோதும் வெளியுறவு அமைச்சராக இருந்தார். போர்க்குற்ற நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. 1950இல் கைதியாகவே இறந்தார்.

இவரை நாம் என்ன செய்வது? கொரியாவை அடிமைப்படுத்தி, கொரியர்களின் பெயர்களையே ஜப்பானியப் பெயர்களாக மாற்றச் சொன்ன பேரரசின் அமைச்சர் இவர். நமக்கு நாயகர் அல்லர். ஆனால் அவருடைய தகப்பனாரை நினைத்துக்கொண்டே நினைவகத்திலிருந்து வெளியே வந்தோம். சாடியை உலகமே மெச்சுகிறது. சாடி செய்த ஊரின் பெயரோடு ஒரு பிள்ளை அரசு வேலைக்குப் போக முடியாது. பணம் இருந்தவர் பெயரை வாங்கினார். மண் குழைத்தவர்களால் வாங்க முடியவில்லை.

நாங்கள் போன வீட்டுக் குயவரின் தாத்தாவும் பெயரை மாற்றிக்கொண்டவர்தான், வெகுநாள் கழித்து. பழைய பெயர் என்ன என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். பிறகு அந்தக் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. ஜோசன் அரசின் கொரியாவிலும் குயவர் வாழ்வு தேனும் பாலுமாக இல்லை. அரசுச் சூளைகளின் குயவர் பிள்ளைகள் அதே தொழிலைத்தான் செய்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்குத்தான் தூக்கிவந்தார்கள். சாதி போன்ற ஏற்பாட்டை எந்த நாடும் கண்டுபிடிக்கத் தெரியாமல் இருந்ததில்லை. எதிர்க்கவும் எங்கும் ஆள் இருந்தது. 1922 மார்ச் 3ஆம் நாள் கியோட்டோவில் புராக்கு மக்கள் சுய்ஹேய்ஷா என்ற சமநிலைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே கொரியாவின் ஜின்ஜுவில், கசாப்பு வேலை செய்த பெக்ஜொங் மக்கள் ஹியோங்பியோங்சாவைத் தொடங்கினார்கள். ஒரு நாடு இன்னொன்றைக் காலனியாக வைத்திருந்த நேரத்தில் இரு நாட்டு ஒடுக்கப்பட்டோரும் கடிதம் எழுதி, ஆள் அனுப்பி, தொடர்பு வைத்திருந்தார்கள். நான்கே ஆண்டு கழித்து, 1927இல், மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளினார். மூன்றும் ஒரே பத்தாண்டு. நம் பாடப்புத்தகங்கள் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் என்றைக்கும் போடப் போவதில்லை.

சரி, இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? ஊர் திரும்பிய வாரமே எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். “விஸ்வகர்மா திட்டத்துல கடன் தர்றாங்கண்ணா, அப்பா செருப்புத் தைக்கிறார், விண்ணப்பம் போடலாமா?” நல்ல கேள்வி. வறுமையில் இருக்கும் குடும்பத்துக்குக் கடன் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அந்தத் திட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 17இல் தொடங்கியது. குயவர், சலவைத் தொழிலாளி, முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர், கூடை முடைவோர் என்று 18 தொழில்கள். குடும்ப வழியாக வரும் தொழில், குரு–சிஷ்யப் பரம்பரை என்று பேசுகிறது. வயது 18 நிறைந்தால் போதும். பதினெட்டு வயது என்பது கல்லூரியில் சேரும் வயது. பட்டியலில் அர்ச்சகர் தொழில் இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பரம்பரையைப் பாதுகாக்கக் கடன் தேவைப்படுவதில்லை போலும்.

பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. இப்போதுள்ள வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. பிறகு 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை, சாதி வழி வர வேண்டும் என்ற கட்டு இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று கொண்டுவந்தது. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்ற 1953ஆம் ஆண்டின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து விரட்டிய மண் இது. அந்த அளவுக்காவது நினைவு இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் ஆளும் கட்சிக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கிவிட வேண்டாம். செருப்புத் தைப்பவரின் மகனுக்குக் கல்வி உதவித்தொகை ஒழுங்காக, காலத்துக்கு வருகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தத் தம்பிக்கும் வரவில்லை. அதனால்தான் அவன் கடனைப் பற்றி யோசித்தான்.

சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து அடைத்துவைக்கிறது என்றார் அண்ணல். கைவினை அழிகிறதே என்று கண்ணீர் விடுகிறவர்கள் கடை விரித்த இடங்களில் எல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அழியாமல் காக்க யாருடைய பிள்ளை சக்கரத்தில் உட்கார வேண்டும்? உங்கள் பிள்ளை உட்காருமா?

மியாமாவில் நாங்கள் அதைக் கேட்டோம், வேறு விதமாக. உங்களுக்குப் பிறகு யார் என்று. குயவருக்கு ஒரே மகள். புகுவோகாவில் செவிலியர் வேலை. மண்ணைத் தொட மாட்டாள், சின்ன வயதிலிருந்தே நகத்தில் மண் ஏறினால் பிடிக்காது என்று அம்மாக்காரர் சிரித்தார். அதில் வருத்தம் இருந்ததா என்று உற்றுப் பார்த்தோம். இருந்தது. மறைக்கவும் இல்லை. “வருத்தப்படுவேன். ஆனால் வா என்று சொல்ல மாட்டேன். எங்களை யாரும் கேட்டுக் கூட்டிவரவில்லை” என்றார் அவர்.

பட்டறையின் மூலையில் ஒரு பெண் மண் பிசைந்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். டோக்கியோவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை பார்த்து, அலுத்துப்போய், தானாக வந்து சேர்ந்தவர். இந்த ஊருக்கும் அவருக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. மூன்று ஆண்டாகக் கற்கிறார். மரப்பலகையில் அவர் வனைந்த பதினைந்து குவளைகள் காய்ந்துகொண்டிருந்தன. குயவர் எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அடி கனமாக இருந்த நான்கை எடுத்து மறுபடி மண் தொட்டியில் போட்டார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே அவற்றின் மீது தண்ணீர் ஊற்றினார்.